ஒரு சாயங்காலம், அறுபது நாற்காலி, ஐந்து படம்: தாராவியில் எதைத் திரையிடலாம்?

தாராவி 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் எங்கள் லைனில், தோல் பை தைக்கும் ஒரு கிடங்குக்கு மேலே சங்கத்து ஹால் இருக்கிறது. அறுபது பிளாஸ்டிக் நாற்காலி போடலாம், நெருக்கிப் போட்டால் எண்பது. ஏப்ரல் 14 அன்று அந்த ஹாலுக்கு வருஷா வருஷம் போட்டி. சித்திரை ஒன்றும் அன்றுதான், பாபாசாகேப் அம்பேத்கர் பிறந்தநாளும் அன்றுதான். காலையில் ஒரு கூட்டம், சாயங்காலம் ஒரு கூட்டம் என்று பெரியவர்கள் பிரித்துக்கொண்டது போக எங்கள் வாசகர் வட்டத்துக்குக் கிடைத்தது அடுத்து வரும் சனிக்கிழமை, ஏழு மணி முதல் பத்து மணி வரை. ஆவணப்படம் ஒன்று போடுவோம் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். எந்தப் படம் என்பதில்தான் மூன்று வாரமாக வாட்ஸ்அப்பில் சண்டை.

சண்டை போடுகிறவர்கள் எல்லோரும் படத்தைப் பற்றிப் பேசினார்களே தவிர, நாற்காலியில் உட்காரப் போகிறவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

முன் வரிசை ஆச்சிகளுக்கு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து நாற்பது, ஐம்பது வருஷம் ஆனவர்கள். இந்தி காதில் விழுந்தால் புரியும். மராத்தி, மீன்காரியிடம் பேரம் பேசுகிற அளவுக்கு வரும். வாசிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும், அதுவும் சிலருக்குத்தான். கடைசி வரிசையில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள். பள்ளியில் இங்கிலீஷ், தெருவில் இந்தி, வீட்டில் தமிழ். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் படத்தில் அடுத்த காட்சி வந்துவிடும். நடுவில் எங்களைப் போன்றவர்கள், மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டுக் கணக்கு எழுதுகிறோம், டெம்போ ஓட்டுகிறோம், இட்லி விற்கிறோம். படத்துக்குக் கீழே ஓடும் ஆங்கில வரி கடைசி வரிசைக்கு மட்டும்தான் பயன்படும். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். போன வருஷம் எங்களைக் கவிழ்த்தது இதுதான்.

போன வருஷம் போட்டது ‘சம்விதான்’. ஷியாம் பெனகல் எடுத்து 2014இல் ராஜ்ய சபா டிவியில் வந்த பத்துப் பகுதித் தொடர். அரசியல் சாசனம் எப்படி எழுதப்பட்டது என்பதை நடிகர்களை வைத்துச் சொல்வது. கண்டிப்பாகப் பேசினால் அது ஆவணப்படம் இல்லை, ஆவணத்தை நாடகமாக்கியது. அம்பேத்கராக சச்சின் கெடேகர் நன்றாகவே செய்திருப்பார். நாங்கள் ஆர்வக்கோளாறில் இரண்டு பகுதியைச் சேர்த்துப் போட்டோம். சபையில் ஒருவர் எழுந்து இந்தியில் பேசுகிறார், அடுத்தவர் இங்கிலீஷில் பதில் சொல்கிறார், கீழே இங்கிலீஷ் எழுத்து. முக்கால் மணி நேரத்தில் ஆச்சிகள் ஒவ்வொருவராக ‘உலை வச்சிட்டு வந்தேன்’ என்று கிளம்பினார்கள். முடியும்போது மிச்சம் ஒன்பது பேர். அதில் மூன்று பேர் நாற்காலி எடுத்து வைக்க வந்தவர்கள்.

அதற்காக அந்தத் தொடர் மோசம் என்று சொல்ல மாட்டேன். காலேஜ் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. 1946 டிசம்பர் 9இல் கூடிய அரசியல் நிர்ணய சபை 1949 நவம்பர் 26இல் சாசனத்தை ஏற்றுக்கொள்வதற்குள் எத்தனை பேர் எதற்கெல்லாம் மல்லுக்கட்டினார்கள் என்பது பாடப் புத்தகத்தில் இரண்டு பாராவோடு முடிந்துவிடுகிறது. இதில் அந்த மல்லுக்கட்டு கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் நம் ஆட்களுக்கு அதைப் போடுவதற்கு முன்னால் ஒரு கதை சொல்ல வேண்டும். வரைவுக் குழுவில் ஏழு பேர் இருந்தார்கள் என்று படிக்கிறோம். 1948 நவம்பர் 5இல் டி. டி. கிருஷ்ணமாச்சாரி சபையில் எழுந்து அந்த ஏழு பேர் கதையை உடைத்துச் சொன்னார். ஒருவர் ராஜினாமா, ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் சமஸ்தான வேலையில், இன்னும் ஒன்றிரண்டு பேர் டெல்லிக்கு வெகு தூரத்தில். கடைசியில் பாரம் முழுக்க அம்பேத்கர் தலையில்தான் விழுந்தது என்றார். இதை நான் டீக்கடையில் சொன்னபோது, கல்யாண வேலைக்குப் பெயர் கொடுத்த ஏழு தாய்மாமன்களில் ஒருத்தன் மட்டும் பந்தல் நட்ட கதை என்று ஒரு அண்ணாச்சி சிரித்தார். அந்தச் சிரிப்பு வந்த பிறகு தொடரைப் போட்டிருந்தால் உட்கார்ந்திருப்பார்கள். நவம்பர் 26க்கு, பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும், ஒரே ஒரு பகுதி. ‘சம்விதான்’ பற்றி என் முடிவு அவ்வளவுதான்.

இந்த வருஷம் ஒரு காரியம் செய்தேன். பட்டியலில் இருந்த மற்ற நாலு படத்திலிருந்தும் பத்துப் பத்து நிமிஷம் எடுத்து, என் ரூமில் லேப்டாப்பில் நாலு பேருக்குப் போட்டுக் காட்டினேன். எங்கள் மாடியில் இருக்கும் ஆச்சி, பத்தாவது முடித்திருக்கும் அவருடைய பேத்தி, தோல் பதனிடும் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணாச்சி, அப்புறம் முனிசிபாலிட்டியில் ஒப்பந்தத் துப்புரவுப் பணி பார்க்கும் ஒரு தம்பி. படம் போகும்போது அவர்கள் முகத்தைத்தான் பார்த்தேன், திரையை இல்லை.

முதலில் ஃபிலிம்ஸ் டிவிஷன், மத்திய அரசுக்கு ஆவணப்படம் எடுத்துக் கொடுத்த நிறுவனம். அது நம் ஊரில்தான் இருந்தது, பெடர் ரோட்டில். 1948இல் ஆரம்பித்து எட்டாயிரத்துக்கும் மேல் படம் எடுத்தார்கள். 2022இல் அதைத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு (என்.எஃப்.டி.சி.) சேர்த்துவிட்டார்கள். அதே வளாகத்தில் 2019இல் திறந்த சினிமா மியூசியம் இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வரலாம். நம் அப்பா தலைமுறைக்கு ஃபிலிம்ஸ் டிவிஷன் என்றால் படத்துக்கு முன்னால் வரும் நியூஸ் ரீல். தியேட்டர்காரர்கள் அதைக் கட்டாயம் போட்டாக வேண்டும், லைசென்ஸோடு வந்த நிபந்தனை. எங்கோ அணை திறப்பு, எங்கோ வெள்ளம், எங்கோ மந்திரி ரிப்பன் வெட்டுகிறார். அதற்குக் கனமான குரலில் செந்தமிழ் வர்ணனை. ‘நியூஸ் ரீல் முடிஞ்சிடுச்சா?’ என்று கேட்டுக்கொண்டே பீடியை அணைத்துவிட்டு உள்ளே வருவது அந்தக் காலத்துப் பழக்கம் என்று அண்ணாச்சி சொன்னார். தேசத்தைக் கட்டியெழுப்பும் காட்சியை ஒரு தேசமே வாசலில் பீடி குடித்துக்கொண்டு தவறவிட்டது.

அந்தக் குவியலுக்குள் நான் எடுத்தது ‘ஐ ஆம் 20’. எஸ். என். எஸ். சாஸ்திரி 1967இல் எடுத்த குறும்படம், இருபது நிமிஷம்தான். 1947இல் பிறந்து, நாட்டோடு சேர்ந்து இருபது வயதைத் தொட்ட பையன்களையும் பெண்களையும் தேடிப் போய், உனக்கு இந்த நாடு என்ன, நீ என்ன ஆகப் போகிறாய் என்று கேட்கிறார்கள். வசதியான வீட்டுப் பிள்ளையும் வருகிறான், நிலத்தில் நிற்பவனும் வருகிறான். நம்பிக்கையோடு பேசுபவர்களும் உண்டு, எனக்கென்ன என்பவர்களும் உண்டு. அதில் தமிழ்ப் பெயருள்ள ஒரு இளைஞர், ஒரு நோட்டுப் புத்தகமும் டேப் ரெக்கார்டரும் கேமராவும் எடுத்துக்கொண்டு ரயிலேறி நாடு முழுக்கச் சுற்ற வேண்டும் என்று கண் மின்னச் சொல்கிறார். அரசாங்கப் பணத்தில், அரசாங்கத்துக்கு இனிக்காத பதில்களையும் வெட்டாமல் வைத்திருக்கிறார்களே, அது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

பேத்திக்கு இது ரொம்பப் பிடித்தது. ‘இதே கேள்விய எங்க கிளாஸ்ல கேட்டா என்ன சொல்வாங்க?’ என்றாள். ஆச்சி தூங்கிவிட்டார். அண்ணாச்சி மரியாதைக்குப் பார்த்தார். எல்லாம் கேமராவைப் பார்த்துப் பேசும் முகங்கள், பாதி பேச்சு இங்கிலீஷ். தனியாக இதை மட்டும் போட்டால் ஒரு சாயங்காலம் நிற்காது. ஆனால் இருபது நிமிஷம் என்பது பெரிய வசதி. ஏழு மணி என்று சொன்னால் ஏழரைக்கு வரும் ஊர் இது. அந்த அரை மணி நேரத்தை நிரப்ப இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில் இன்னொரு படத்தைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. இந்திய தேசத்தின் கதையைப் படச்சுருளில் கோத்தவர்களில் முன்னோடி ஒரு தமிழர். கோட்டையூர் ஏ. கே. செட்டியார். காந்தியைப் பற்றி யார் யாரோ எங்கெங்கோ எடுத்து வைத்திருந்த துண்டுப் படங்களைத் தேடி நாடு நாடாகச் சுற்றி, சுமார் 50,000 அடி சேர்த்து, அதிலிருந்து 1940இல் தமிழிலேயே ஆவணப்படம் வெளியிட்டார். வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. போடலாம் என்று ஆசைதான். ஆனால் இன்று பார்க்கக் கிடைப்பது பின்னால் அமெரிக்காவில் உருவான ஆங்கில வடிவம். தமிழில் பிறந்த படத்தை ஆச்சிகளுக்கு இங்கிலீஷில் காட்டி, அதை நானே மறுபடி தமிழில் சொல்வது என்னமோ போலிருந்தது. செட்டியாருடைய பயணத்தைக் கதையாகச் சொல்லிவிடுவேன். படம் பட்டியலில் இல்லை.

அடுத்தது ‘ஹமாரா ஷஹர்’. ஆனந்த் பட்வர்தன் 1985இல் எடுத்தது, ஒன்றேகால் மணி நேரம், தேசிய விருது வாங்கிய படம். பம்பாயில் குடிசைகளை இடிப்பதைப் பற்றியது. ஒரு பக்கம் புல்டோசர், மழை, தார்ப்பாய். இன்னொரு பக்கம் நகரத்தைச் சுத்தமாக்க வேண்டும் என்று வரவேற்பறையில் உட்கார்ந்து பேசும் பெரிய மனிதர்கள். வர்ணனைக் குரல் வந்து இவன் நல்லவன், அவன் கெட்டவன் என்று சொல்லித் தருவதில்லை. அவரவர் வாயாலேயே அவரவர் வெளிப்படுகிறார்கள்.

லேப்டாப்பில் இதைப் போட்டதும் தூங்கிக்கொண்டிருந்த ஆச்சி எழுந்து உட்கார்ந்தார். கம்பியை வளைத்துத் தகரத்தைப் பிடுங்கும் சத்தம்தான் எழுப்பியது என்று நினைக்கிறேன். படத்தில் ஒரு பெண், வீடு போன கோபத்தில், கேமரா வைத்திருப்பவரையே பார்த்துக் கேட்கிறாள்: ஏழைகளைப் படம் பிடித்துப் பேர் வாங்குவாய், எங்களுக்கு என்ன செய்வாய்? அதை வெட்டியிருக்கலாம். பட்வர்தன் வெட்டவில்லை. ஆச்சி அந்த இடத்தில் திரையைத் தொடுகிற மாதிரிக் கையை நீட்டி, ‘ஏலே, அவ கேக்குதது நியாயந்தானல?’ என்றார். நான் பதில் சொல்லவில்லை. கேமராக்காரன் சார்பில் நான் என்ன சொல்ல?

அப்புறம் ஆச்சி படத்தை நிறுத்தச் சொன்னார். அவர்களுடைய குடிசையை மூன்று தடவை இடித்திருக்கிறார்கள். முதல் தடவை ஓடிப் போய் எடுத்தது ஸ்டவ்வை. இரண்டாவது தடவைக்குள் புத்தி வந்துவிட்டதாம், ரேஷன் கார்டையும் போட்டோ பாஸையும் எடுத்தார்களாம். 1976இல் குடிசைகளைக் கணக்கெடுத்து எண் போட்டு, குடும்பத்தோடு போட்டோ எடுத்துக் கொடுத்தார்களே, அந்தப் பாஸ். எழுந்து மாடிக்குப் போய், டிரங்குப் பெட்டியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் மஞ்சளாகிப் போன அட்டை. ஆச்சியின் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் இடுப்பில் பிள்ளையோடு ஆச்சி. மூன்று பேரும் கேமராவை முறைக்கிறார்கள். பேத்தி அதைத் தன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். அவள் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவையாம்.

ஆச்சி சொன்னதற்குப் பின்னால் பெரிய கதை ஒன்று இருக்கிறது, அதில் தமிழ்நாடும் இருக்கிறது. 1981 ஜூலையில், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, நடைபாதையில் குடியிருப்பவர்களை எல்லாம் அவரவர் ஊருக்கே அனுப்பிவிடுவோம் என்று அப்போதைய மகாராஷ்டிர முதல்வர் அந்துலே அறிவித்தார். அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர், சேலத்திலிருந்து 1961இல் பஞ்சம் பிழைக்க வந்த ஒரு நிலமில்லாத கூலி. ஜூலை 23 அன்று அவர் குடிசையை இடித்து, குடும்பத்தோடு சேலத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு அவர் திரும்பி வந்தார், வேலை இங்கேதானே இருக்கிறது. அவரும் ஓல்கா டெல்லிஸ் என்ற பத்திரிகையாளரும் இன்னும் சிலரும் போட்ட வழக்குகளில்தான் 1985 ஜூலை 10இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடக்கம் என்றது. சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் பாடம். அதே தீர்ப்பு, நோட்டீஸ் கொடுத்துவிட்டு அப்புறப்படுத்தலாம் என்றும் சொன்னது, மழைக்காலம் முடிந்து அக்டோபர் 31 வரை பொறுங்கள் என்ற சலுகையோடு. அந்த சேலத்துக்காரரை என் பிள்ளைகள் படிக்கும் எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. ‘ஹமாரா ஷஹர்’ அதே வருஷம், அதே நகரம், அதே மழை. ஹாலில் இந்தப் படத்தைப் போட்டால் இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லலாம். படத்தில் இருப்பவர்கள் யார் என்று கேட்கவே தேவைப்படாத ஒரு கூட்டம் அங்கே உட்கார்ந்திருக்கும்.

குறை இல்லையா என்றால், உண்டு. பழைய படம், நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒலிப்பதிவு, எங்கள் ஹால் ஸ்பீக்கரில் பாதி வார்த்தை கரைந்துவிடும். தமிழ் எழுத்து வரி கிடையாது. சாதியைப் பற்றி இது அதிகம் பேசாது, வர்க்கத்தைப் பற்றித்தான் பேசும். அம்பேத்கர் மாதத்தில் போடுகிறோம் என்றால் அது ஒரு இடறல்தான். வட்டத்தில் ஒரு தோழர் இதைச் சரியாகவே சுட்டிக்காட்டினார்.

அந்தத் தோழர் கேட்பது ‘ஜெய் பீம் காம்ரேட்’. பட்வர்தனே 2011இல் முடித்த படம், பதினாலு வருஷ உழைப்பு, மூன்று மணி நேரத்துக்கும் மேல். 1997 ஜூலை 11 அன்று காட்கோபர் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டிருந்தது. மறியல் செய்த ஜனங்கள் மீது ரிசர்வ் போலீஸ் சுட்டதில் பத்துப் பேர் செத்தார்கள். அதைத் தாங்க முடியாமல் சில நாளில் தன் உயிரை மாய்த்துக்கொண்டவர் விலாஸ் கோக்ரே என்ற பாடகர். படம் அவரிலிருந்து தொடங்கி, தலித் மக்களின் பாட்டுகள் வழியாக, கோர்ட், தேர்தல், கூட்டணி என்று போகிறது. பாட்டு நிறைய. மொழி தெரியாவிட்டாலும் பறையும் டோலக்கும் புரியும். அண்ணாச்சி தாளம் போட்டுக்கொண்டே பார்த்தார். ‘காட்கோபர்ல நடந்த அன்னிக்கு நாங்க கடைய அடச்சோம்’ என்றார்.

அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று சபையில் சொன்னது ஒன்று உண்டு. ஜனவரி 26இல் நாம் முரண்பாடு நிறைந்த ஒரு வாழ்க்கைக்குள் நுழையப் போகிறோம். அரசியலில் சமத்துவம் இருக்கும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் இருக்காது என்று. நியூஸ் ரீல் முன் பாதியைக் காட்டியது. பின் பாதியை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய வேறு படம் எனக்குத் தெரிந்து குறைவு. தரத்தை மட்டும் வைத்துச் சொன்னால் ஐந்தில் இதுதான் முதல்.

ஆனாலும் அந்தச் சனிக்கிழமைக்கு நான் இதற்கு ஓட்டுப் போடவில்லை. ஹால் நம் கையில் இருப்பது மூன்று மணி நேரம். இந்தப் படத்தை மூச்சு விடாமல் ஓட்டினாலும் கடைசிக் காட்சிக்கு முன்னாலேயே வாட்ச்மேன் விளக்கை அணைத்துவிடுவார். மூச்சு விடாமல் போட்டு அனுப்புகிற படம் இல்லை இது. மராத்தி அரசியல் பெயர்கள் வேறு, ஒவ்வொன்றுக்கும் நின்று விளக்க வேண்டும். பாதியில் நிறுத்தி இரண்டு நாளாகப் போட்டால்தான் உண்டு.

இன்னொரு காரணம் இருக்கிறது, அதுதான் என்னைத் தீர்மானிக்க வைத்தது. ‘ஹமாரா ஷஹரில்’ ஒருவர் பாடுகிறாரே, ‘கதை கேளுங்கள் ஜனங்களே’ என்று, அவர்தான் விலாஸ் கோக்ரே. 1985இல் பாடியவருக்கு 1997இல் என்ன ஆயிற்று என்பதுதான் ‘ஜெய் பீம் காம்ரேட்’. முதல் படத்தில் அந்தப் பாட்டைக் கேட்டு, தலையாட்டி, அந்த முகம் மனசில் ஒட்டிக்கொண்ட பிறகு இரண்டாவது படத்துக்கு வந்தால், அந்தச் சாவு யாரோ ஒருவருடைய சாவாக இருக்காது. வரிசையை மாற்றினால் இது கிடைக்காது. எனவே ஏப்ரலில் முதல் படம், ஜூலை 11ஐ ஒட்டி இரண்டு ராத்திரி இரண்டாவது படம். ஜூலையில் மழைக்கு ஹால் ஒழுகும். பக்கெட் வைத்துக்கொள்ளலாம்.

மிச்சம் ‘கக்கூஸ்’. திவ்யபாரதி 2017இல் எடுத்தது. முழுக்கத் தமிழ், விளக்கவே வேண்டாம். மலக்குழியிலும் சாக்கடையிலும் மனிதனை இறக்குவதைப் பற்றிய படம். மதுரையில் குழிக்குள் இறங்கிய இரண்டு பேர் செத்ததிலிருந்து தொடங்கியது அவருடைய தேடல். தமிழ்நாட்டில் பல ஊர்களில் போலீஸ் திரையிட விடவில்லை, கடைசியில் யூடியூபிலேயே விட்டுவிட்டார். மொழி என்ற அளவுகோல் ஒன்றை மட்டும் வைத்திருந்தால் இதுதான் ஜெயித்திருக்கும், வட்டத்தில் பாதிப் பேர் இதற்குத்தான் கை தூக்கினார்கள்.

என் ரூமில் ஓடிய பத்து நிமிஷத்தில் துப்புரவுத் தம்பி நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டான். பிடிக்கவில்லையா என்று கேட்டேன். ‘பிடிக்கலன்னு இல்லண்ணே. இத நான் தினமும் பாக்குறேன். லைன்ல எல்லாரும் உக்காந்து பாக்கும்போது என்னையும் சேத்துல்ல பாப்பாங்க’ என்றான். அதற்கு மேல் வாதாட என்னிடம் எதுவும் இல்லை. அந்தப் படம் எல்லோரும் பார்க்க வேண்டிய படம்தான். ஆனால் பிள்ளைகள் முறுக்கு தின்றுகொண்டு ஓடி விளையாடும் ஹாலில், அந்த வேலையைச் செய்பவனை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு போடக்கூடாது. அவர்களை வைத்து, அவர்கள் சொல்கிற நாளில், அவர்கள் பேசத் தயாராக இருந்தால் போடலாம். கூடவே ஒரு வக்கீல் இருந்தால் நல்லது. 2013இல் வந்த தடைச் சட்டம் என்ன சொல்கிறது, சாக்கடையில் செத்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது, அதை யாரிடம் எப்படிக் கேட்பது, இதெல்லாம் படம் முடிந்த கையோடு தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மற்றவர்கள் ‘உச்’ கொட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள், அவன் காலையில் வேலைக்குப் போவான்.

அனுமதி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், வேறு லைனில் யாராவது செய்யப் போகிறவர்களுக்கு உதவும். நாலு பேர் கூடும் இடத்தில் படம் போடுவதற்கு சென்சார் சான்றிதழ் உள்ள படமாக இருந்தால் கேள்வி குறையும். பட்வர்தன் சான்றிதழுக்காகவும் தூர்தர்ஷனில் போட வைப்பதற்காகவும் பல தடவை கோர்ட் ஏறியவர் என்பதால் அந்தப் பக்கம் எங்களுக்குத் தைரியம். படம் எடுத்தவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிடுவது மரியாதையும்கூட. யூடியூபில் கிடக்கிறதே என்று இறக்கிப் போடுவது நம் பழக்கம், நானும் செய்திருக்கிறேன், இந்தத் தடவை வேண்டாம். புரொஜெக்டர் வாடகை 1,500 ரூபாய். ஸ்பீக்கரைக் கல்யாணத்துக்குப் பாட்டுப் போடுகிற பையன் சும்மா தருகிறான், ஆனால் பேஸை அவனே குறைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வரவேற்பறைப் பெரிய மனிதர்கள் எல்லோரும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவார்கள்.

மொழிக்கு என்ன வழி? ஊமைப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் கதை சொல்வாராம். அதையே செய்யப் போகிறோம். ‘ஹமாரா ஷஹரை’ ஆறு இடத்தில் நிறுத்துவது, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிஷம் தமிழில் சொல்லிவிட்டுத் தொடர்வது. படத்தை இப்படித் துண்டு போடுவது பாவம் என்று தோழர் சொன்னார். பாவம்தான். ஒன்பது பேருக்குத் துண்டு போடாமல் காட்டுவதைவிடச் சின்னப் பாவம்.

நிறுத்தும் இடங்களைப் பேத்தி குறித்துக்கொண்டிருக்கிறாள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கிறாள், ‘நடைபாதை’ மட்டும் அவளுக்கு நாக்கில் உருளவில்லை, ஃபுட்பாத் என்றே சொல் என்று விட்டுவிட்டேன். முதலில் ‘ஐ ஆம் 20’, அதில் கேட்ட கேள்வியை அவள் முன்னால் வந்து கடைசி வரிசைப் பிள்ளைகளிடம் கேட்பாள். அப்புறம் படம். படம் முடியும்போது மணி ஒன்பதே கால் ஆகியிருக்கும், முக்கால் மணி நேரம் கையில் இருக்கும்.

அந்த முக்கால் மணி நேரத்தில் முதலில் பேச ஆச்சியைக் கேட்டிருக்கிறேன். மைக் எல்லாம் பிடிக்க மாட்டேன் என்று ஒரு வாரம் சொன்னார். நேற்று மாடிப்படியில் பார்த்தபோது நிறுத்தி, ‘எலே, அந்தப் பாஸ பெருசாக்கித் திரையில காட்ட முடியுமா? அவரு சட்டையில ஒட்டுப் போட்டிருக்கும், அது தெரியாம காட்டு’ என்றார்.